நல்ல நேரத்துக்குள் முடித்த பிரேக்

ஆயுத பூஜை, இரவு.



அப்பாவின் பழைய காருக்கு நேற்று பிரேக் ரப்பர் மாற்றினேன். இன்று காலையில் பிரேக் குழாயில் இருந்த காற்றை எடுத்தோம்; காற்று மிச்சமிருந்தால் பிரேக் பிடிக்காது. என் மனைவி சரசு உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க, நான் சக்கரத்தடியில் படுத்துத் திருகாணியைத் தளர்த்தி இறுக்கினேன். "இன்னும் பொதுபொதுன்னுதான் இருக்குதுங்க. இன்னொருக்கா மிதிக்கட்டுங்களா?" என்றாள். பூஜைக்கு நல்ல நேரம் முடியப்போகிறது, போதும் என்று எழுப்பிவிட்டேன்.

பூஜை முடிந்ததும் எலுமிச்சம்பழத்தை நசுக்க வண்டியை நகர்த்தினேன். எதிரே ஆரத்தித் தட்டோடு சரசு. பிரேக்கை மிதித்தேன். பெடல் தரைவரை போனது, வண்டி நிற்கவில்லை. கைபிரேக்கை இழுப்பதற்குள் பம்பர் தட்டில் இடித்துவிட்டது. அவள் சேலையெல்லாம் சிவப்பு. அது ஆரத்தித் தண்ணீர்தான் என்று புரிய எவ்வளவு நேரமானதோ, தெரியவில்லை.

"திருஷ்டி கழிஞ்சுதுங்க சாமி" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். எல்லோரும் ஆமாம் என்றார்கள். சரசு சேலை மாற்றிக்கொண்டு வந்து எல்லோருக்கும் பொரி கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள்.

காலையில் தான் கேட்டதைப் பற்றி இதுவரை அவள் வாய் திறக்கவில்லை. திட்டியிருந்தாலாவது தூங்கியிருப்பேன்.