ஊசிக்கு மூட்டை எழுதியது

பிப்ரவரி 11

டேய் ஊசி,

நான் நல்லா இருக்கேன்னு ஆரம்பிச்சா, நீ நல்லா இருக்கியான்னு அடுத்த வரியில கேட்கணும். அதனால நேரா விஷயத்துக்கு வரேன்.

கூண்டுச் சண்டையை விட்டுட்டேன். ஒப்பந்தம் முடிஞ்சதும் மாஸ்டர் புதுசா ஒண்ணை நீட்டினார். வேண்டாம்னேன். "ஜெயிச்சுக்கிட்டு இருக்கிறவன் ஏன்டா விடுறே?"ன்னு கேட்டார். கையுறையை அவர் மேசையில வெச்சுட்டு வந்துட்டேன்.

இப்ப ஒரு மல்யுத்தக் கம்பெனியில இருக்கேன். ஊர் ஊரா வேன்ல போய் ஆடுறோம். எல்லாம் பொய்யாட்டம். யார் ஜெயிக்கணும், யார் தோக்கணும்னு சாயங்காலமே சொல்லிடுவாங்க. மேடைக்கு அடியில பலகையும் ஸ்பிரிங்கும் இருக்கு. விழுந்தா வலியைவிட சத்தம்தான் பெருசு. அடுத்து என்ன செய்யப் போறான்னு எதிராளி காதுல சொல்லிட்டுத்தான் செய்யறான். முதல் ஆட்டத்துல ஒருத்தன் என் கழுத்தை நெரிச்சுக்கிட்டே "வலிக்குதா அண்ணே?"ன்னு கேட்டான். அவ்வளவு மரியாதையா யாரும் என்னை அடிச்சதில்ல.

எனக்கு ஒரு முகமூடி குடுத்து, 'சுரங்க ராட்சசன்'னு பேரும் வெச்சிருக்காங்க. மூஞ்சி வெளியே தெரியாது. வசதியா இருக்கு.

வேற செய்தி இல்ல. நேரத்துக்குச் சாப்பிடுறேன், தூங்குறேன். தங்கச்சியைக் கேட்டதாச் சொல்லு. சீக்கிரம் வந்து பார்க்கிறேன்.

மூட்டை

பிப்ரவரி 26

டேய் மூட்டை,

உன் கடிதம் கிடைச்சது. என் பெண்டாட்டி, அதான் உன் தங்கச்சி, ரெண்டு தடவை படிச்சுக் காட்டினா. இப்ப நான் சொல்லச் சொல்ல எழுதுறதும் அவதான். கெட்ட வார்த்தை வந்தா எழுத மாட்டேங்கிறா, அதனால நான் சொல்றதுல பாதிதான் உனக்கு வந்து சேரும்.

சீக்கிரம் வரேன்னு எழுதியிருக்கே. ஆஸ்பத்திரியில கிடந்தப்பவும் இதையேதான் சொல்லி அனுப்பினே. நான் வீட்டுக்கு வந்து மூணு வருஷம் ஆகுது. கழுத்துக்குக் கீழே இருக்கிறதெல்லாம் வேற யாரோட சாமான் மாதிரி கட்டில்ல கிடக்கு. நான் எங்கே போகப் போறேன்? நீ எப்ப வந்தாலும் வீட்டுலதான் இருப்பேன்.

ஒண்ணு கேளு. நீ என்னைத் தூக்கிப் போட்டது ஆட்டத்துல. நடுவர் ஒரு அடி தள்ளி நின்னார். ரெண்டு பேரையும் ஒரே கூண்டுல விடட்டுமான்னு மாஸ்டர் கேட்டப்ப முதல்ல தலையாட்டினவன் நான். உன்னைத் தூக்கிப் போடணும்னு எனக்கும் ஆசைதான், பலம் பத்தல. நான் விழுந்த விதம் சரியில்ல, கழுத்து போச்சு. இதை இன்னும் எத்தனை தடவைடா சொல்றது?

உன் ஆட்டம் இங்க டிவியில வருது. முகமூடி போட்டா மட்டும் தெரியாதா? முன்னாடி கிடங்கு வேலையில முதுகுல ரெண்டு மூட்டையோட நடந்த அதே நடை. ஆனா நீ யாரையும் தூக்கறதே இல்லையே, ஏன்? உதைக்கிறாங்க, விழுறே, எழுந்து முழிக்கிறே, மறுபடி விழுறே. பல்லுல கயிறு கட்டி லாரியை இழுத்த ஆளுடா நீ! பக்கத்துல நின்னு மைக்கைப் பிடிச்சு "இது மனுஷனா மலையா"ன்னு தொண்டை கிழியக் கத்தினவன் நான். இப்ப பல்லி மாதிரி இருக்கிறவன் எல்லாம் உன் மேல ஏறிக் குதிக்கிறான். நான் டிவியை மாத்தச் சொல்லிட்டேன்.

வரும்போது கொஞ்சம் குனிஞ்சு வா. வாசல் சின்னது.

ஊசி

(அண்ணா, டிவியை மாத்தச் சொன்னது பொய். முழுசாப் பார்த்தார். எனக்கு சலவைக் கடையில காலை வேலை. மதியத்துக்கு மேல எப்பவும் வீட்டுல இருப்பேன். வாங்க.)

ஜூன் 3

டேய் ஊசி,

பதில் எழுத நாளாயிடுச்சு. கோவிச்சுக்காதே.

நீ கேட்டதையேதான் கம்பெனி முதலாளியும் கேட்டார். இவ்வளவு பெரிய உடம்பை வெச்சுக்கிட்டு எதிராளியைத் தலைக்கு மேல தூக்கலைன்னா ஜனங்க எதுக்கு வரணும்னார். முதுகு சரியில்லைன்னு சொன்னேன். டாக்டர்கிட்ட அனுப்பினார். முதுகுல ஒரு கோளாறும் இல்லைன்னு டாக்டர் எழுதிக் குடுத்துட்டார். மறுபடியும் வலிக்குதுன்னேன். அதுக்கப்புறம் தோக்குற வேஷம் மட்டும்தான் குடுத்தாங்க.

ஒரு ஆட்டத்துக்கு சினிமா ஆள் ஒருத்தர் வந்திருந்தார். முகமூடியைக் கழட்டச் சொல்லிப் பார்த்தார். உடனே படத்துல போட்டுட்டார். வில்லனுக்குப் பின்னால நிக்கிற தடியன் வேஷம். வசனம் கிடையாது. கோபமா முறைக்கணுமான்னு கேட்டேன். "வேண்டாம். உங்க முகத்துல ஒண்ணுமே இல்ல, அதுதான் பயமா இருக்கு. அப்படியே நில்லுங்க"ன்னார். நின்னேன். எல்லாரும் நல்லா இருக்குன்னாங்க.

கார் ஒண்ணைத் தூக்கிக் கவிழ்க்கிற காட்சி. காருக்குள்ள எஞ்சினே இல்ல, வெறும் கூடு. சின்னப் பிள்ளைகூடத் தள்ளிடும். அப்புறம் ஒரு ஆளைக் கழுத்தைப் பிடிச்சுத் தூக்கணும். அவன் சட்டைக்கு உள்ளே பட்டை கட்டி, மேலே இருந்து கம்பியில கிரேன் தூக்குது. என் கை சும்மா அவன் தாடைக்குக் கீழே இருந்தாப் போதும். "பிடியை இறுக்குங்க, பொய்யாத் தெரியுது"ன்னு கத்தினாங்க. நான் இறுக்கல. கடைசியில என் கையை மட்டும் தனியா, ஒரு பொம்மைத் தலையை வெச்சு எடுத்துக்கிட்டாங்க.

கடைசியில ஹீரோ ஒரே அடியில என்னைக் கொன்னுடறார்.

இந்த மாசம் வர்றதா இருந்தேன். ரெண்டாவது படம் ஒண்ணு வந்துடுச்சு. முடிஞ்சதும் கண்டிப்பா.

மூட்டை

நவம்பர் 2

டேய் சினிமாக்காரா,

படம் பார்த்தோம். நீ சாகிற இடத்துல உன் தங்கச்சி சேலைத் தலைப்பை வாயில வெச்சுக்கிட்டா. நான் சிரிச்சேன். அந்த ஹீரோ உன் தொடை அளவு இல்ல, அவன் தட்டினா நீ சாவியா? ஆனா செத்துக் கிடந்தது நல்லா இருந்துச்சு. கண்ணைத் திறந்துக்கிட்டே கிடந்தியே, அது எப்படி? எனக்கே ஒரு நிமிஷம் பகீர்னு ஆச்சு.

இப்ப விஷயம். இதை எழுத மாட்டேன்னு அவ அடம் பிடிக்கிறா. எழுதலைன்னா சாப்பிட மாட்டேன்னு சொல்லியிருக்கேன்.

காலையில என்னைக் கட்டில்ல இருந்து சக்கர நாற்காலிக்கு மாத்தணும். அங்கிருந்து குளியலறை. திரும்பக் கட்டில். சாயங்காலம் மறுபடியும். இத்தனை வருஷமா இவ ஒருத்திதான் தூக்குறா. ஒரு ஓமக்குச்சி, நான் அரை மாடு கனம். போன வாரம் நாற்காலிக்கு மாத்தும்போது அவ முதுகுல ஏதோ பிடிச்சுக்கிச்சு. என்னை விட்டுட்டா நான் விழுந்துடுவேன்னு விடாமப் பிடிச்சுக்கிட்டே, என்னோட சேர்ந்து தரையில உட்கார்ந்துட்டா. ரெண்டு பேரும் அப்படியே கிடந்தோம். பக்கத்து வீட்டுக்காரர் வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் என்னென்னவோ பேசிக்கிட்டு இருந்தோம். நல்லாத்தான் இருந்துச்சு, என் ஒரு கை அவளுக்கு அடியில மாட்டிக்கிட்டது எனக்கே தெரியல.

டாக்டர் அவளை எதையும் தூக்கக் கூடாதுன்னுட்டார். பக்கத்து வீட்டுக்காரர் வந்து தூக்குறார். பாவம், நல்ல மனுஷன், ஆனா என்னை பீரோ மாதிரி நகர்த்துறார்.

மூட்டை, நீ வாடா. அவ முதுகு தேறுற வரைக்கும் வந்து இரு. மன்னிப்பு கேட்க வேண்டாம், பழைய கதை பேச வேண்டாம். வந்து என்னைத் தூக்கு. நாற்காலியில வை. திரும்பத் தூக்கு, கட்டில்ல வை. அவ்வளவுதான் கேட்கிறேன். உன்னை மாதிரி தூக்கத் தெரிஞ்சவன் எனக்கு வேற யாருமில்ல.

ஊசி

நவம்பர் 14

டேய் ஊசி,

உன் கடிதத்தைப் படிச்சுட்டு ஷூட்டிங்குக்குப் போயிட்டேன். வேலை நல்லபடியா நடந்துச்சு. ராத்திரி ரூமுக்கு வந்து மறுபடி படிச்சேன்.

என்னால முடியாதுடா.

ஷூட்டிங்கைச் சாக்குச் சொல்லலாம்னு நினைச்சேன். சொல்லல. விடுமுறை இருக்கு. நீ சொன்ன மாதிரி எப்படித் தூக்கணும்னு தெரியும். ஒரு கையை முழங்காலுக்கு அடியில குடுக்கணும், ஒரு கையை முதுகுக்கு அடியில குடுக்கணும். நினைச்சுப் பார்க்கிறேன், அதுக்கு மேல கை வர மாட்டேங்குது. பயமான்னா பயம் மாதிரி இல்ல. ஒண்ணும் மாதிரி இல்ல. அன்னைக்கு அப்புறம் நான் ஒரு ஆளையும் தூக்கினதில்ல. அக்கா பேத்தியைக் கையில குடுக்க வந்தாங்க, கட்டில்ல வெச்சுடுங்கன்னு சொன்னேன்.

இங்க ஒரு ஆஸ்பத்திரி சாமான் கடையில விசாரிச்சேன். ஆளைத் தூக்கறதுக்குன்னே மெஷின் இருக்காம். உன்னை விட கனமான ஆளைக்கூடத் தூக்குமாம். கடைக்காரர் என்னையே உட்கார வெச்சுத் தூக்கிக் காட்டினார். பத்திரமா இருக்கு. அனுப்பச் சொல்லிட்டேன். அடுத்த மாசம் வந்துடும். தங்கச்சி இனிமே குனியவே வேண்டியதில்ல.

தப்பா நினைச்சுக்காதே.

மூட்டை

டிசம்பர் 9

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் அனுப்பிய தூக்கும் மெஷின் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. இரண்டு பேர் வந்து பொருத்திக் கொடுத்து, அதை இயக்கும் முறையை என் மனைவிக்குக் காட்டிவிட்டுச் சென்றார்கள். முதுகுக்கு அடியில் துணித் தொட்டில் ஒன்றை நுழைத்து, கொக்கிகளில் மாட்டி, பட்டனை அழுத்தினால் மேலே போகிறேன். சத்தம் அதிகமில்லை. இறக்கும்போதும் மெதுவாகவே இறக்குகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கும் இனித் தொந்தரவு இல்லை. மிக்க நன்றி.

தங்களுக்குப் படப்பிடிப்பு வேலைகள் நிறைய இருக்கும். எங்களைப் பார்ப்பதற்காகத் தாங்கள் சிரமப்பட்டு வர வேண்டாம்.

இப்படிக்கு,
பயனாளி

(அண்ணா, அவர் சொன்னதை ஒரு எழுத்து மாத்தாம எழுதியிருக்கேன். 'தாங்கள்'னு ஆரம்பிச்சப்ப விளையாடுறார்னு நினைச்சு நான் சிரிச்சுட்டேன். 'டேய்'னு மாத்தட்டுமான்னு கேட்டதுக்கு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கிட்டார். உங்க கடிதம் வர்ற வரைக்கும், நீங்க வருவீங்கன்னு தினமும் ஷேவ் பண்ணிவிடச் சொன்னார். இப்ப வேண்டாங்கிறார். என் முதுகு தேவலை. மெஷின்ல ஒரு குறையும் இல்ல.)

ஜனவரி 17

டேய் ஊசி,

ஞாயித்துக்கிழமை வந்தேன். பக்கத்துலயே இருந்தும் நாம பேசிக்கல. அதனால எழுதுறேன்.

பஸ்ல வரும்போது முழுக்க மனசுக்குள்ள தூக்கிப் பார்த்துக்கிட்டே வந்தேன். ஒரு கை இங்கே, ஒரு கை அங்கே. பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேற இடத்துக்குப் போயிட்டார். என் கை ரெண்டும் அசைஞ்சிருக்கும்போல.

தங்கச்சி கதவைத் திறந்துட்டு நகர்ந்து வழி விட்டா. ஜன்னல் ஓரம் உன் கட்டில். நீ திரும்பிப் பார்த்து "வாங்க, உட்காருங்க"ன்னே. அந்த பிளாஸ்டிக் நாற்காலி என்னைத் தாங்காதுன்னு நின்னுக்கிட்டே இருந்தேன். டிவியில பந்தாட்டம் ஓடிக்கிட்டு இருந்துச்சு. நீ அதைப் பார்த்தே. நானும் பார்த்தேன். தங்கச்சி டீ குடுத்தா. உனக்கு ஸ்பூன்ல குடுத்தா. ரொம்ப மெலிஞ்சுட்டே நீ. அரை மாடுன்னு எழுதியிருந்தே, அதெல்லாம் இல்ல.

குளிக்கிற நேரம் வந்ததும் நான் டீ கிளாஸைக் கீழே வெச்சேன். "நான் தூக்கறேன்"னு சொன்னேன். நான் சொன்னது எனக்கே கேட்டுச்சு. நீ மேலே பார்த்துக்கிட்டு, "பரவாயில்லைங்க, மெஷின் இருக்கு"ன்னே. தங்கச்சி உன்னைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. அப்புறம் பட்டனை அமுக்கினா.

நான் சுவர் ஓரமா ஒதுங்கி நின்னேன். நீ மேலே போனே. நல்ல மெஷின்தான். ஒரு ஆட்டம் இல்ல, குலுக்கல் இல்ல. அழுகை வரும்னு எதிர்பார்த்தேன். வரல.

நாற்காலி பக்கம் திருப்பும்போது உன் இடது கால் தொட்டில்ல இருந்து வழுக்கித் தொங்கிடுச்சு. கட்டில் கம்பியில போய் இடிக்கப் பார்த்துச்சு. தங்கச்சி அந்தப் பக்கம் இருந்தா, கவனிக்கல. நான் குனிஞ்சு பாதத்துக்கு அடியில கையைக் குடுத்துட்டேன். யோசிக்கல, கை தானாப் போயிடுச்சு. உன்னை நாற்காலியில இறக்குற வரைக்கும் பிடிச்சுக்கிட்டே கூட நடந்தேன். அப்புறம் மெதுவா மிதிபலகை மேல வெச்சேன். நீ டிவியைப் பார்த்துக்கிட்டு இருந்தே. உனக்குத் தெரியாது.

கிளம்பும்போது "போயிட்டு வாங்க"ன்னே. சரின்னு தலையாட்டினேன்.

நீ பதில் எழுத வேண்டாம். ஒண்ணே ஒண்ணு சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். உன் கால் ரொம்ப ஜில்லுன்னு இருந்துச்சுடா. தங்கச்சிகிட்ட சொல்லி சாக்ஸ் போட்டுக்கோ.

மூட்டை