தவக்காலத்தில் பூட்டிய மண்டபம்

சனிக்கிழமை, இரவு. கடலூர்.

யூடியூப் பார்த்து நானாகவே கற்று எழுதிய முதல் மென்பொருளை, மண்டப முன்பதிவுக்கானதை, இன்று சிதம்பரத்தில் கல்யாண மண்டபக்காரரிடம் காட்டினேன். அவருக்குப் பிடிக்காவிட்டால் இந்த வேலையையே விட்டுவிடுவதாக என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தேன்.

அவர் ஒவ்வொரு தேதியாகத் தட்டிப் பார்த்தார். முகம் மாறியது.

"ஏம்மா, மாசி பங்குனியில முகூர்த்த நாளெல்லாம் பூட்டிக் கெடக்கே? அப்பதான் எனக்குக் கல்யாணம் ஜாஸ்தி!"

எனக்கு உயிரே போயிற்று. ஈஸ்டருக்கு முன் வரும் தவக்காலத்தில் எங்கள் மாதா கோயிலில் கல்யாணம் வைப்பதில்லை. அதை யோசிக்காமல் ஊருக்கே தடையாகப் போட்டிருக்கிறேன்!

"அது எங்க வேதக்காரங்க வழக்கம் சார், அந்த நாள்ல கல்யாணம் வைக்க மாட்டோம், வெள்ளிக்கிழமை கறிகூடத் தொட மாட்டோம். அஞ்சு நிமிஷம் குடுங்க."

அங்கேயே உட்கார்ந்து திருத்தினேன். எந்த வரியில் கை வைக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. எல்லா நாளும் திறந்துகொண்டது.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நல்லவேளை, வெள்ளிக்கிழமை பிரியாணிக்கும் பூட்டு போடாம விட்டியே!" உடனே மைத்துனருக்குப் போன் போட்டார். "மச்சான், உன் மண்டபத்துக்கும் இதையே வச்சிக்க. நம்ம டெவலப்பரம்மா பக்கத்துலதான் இருக்காங்க, பேசு."

டெவலப்பரம்மா!

ஜெபமாலையைக் கையில் எடுத்தால் பாதியிலேயே சிரிப்பு வந்துவிடுகிறது. மாதாவே, மீதியை நாளைக்குச் சொல்கிறேன்.