இரண்டாவது கேமராவில் நீங்கள்

என் அருமைச் சம்பந்தியம்மாவுக்கு,

கடிதம் எழுதினால், "நேர்ல பேசறத வுட்டுட்டு இது என்னா எழுத்து?" என்று கேட்பீர்கள். நேரில் பேசத்தான் வழியில்லாமல் போய்விட்டதே. பங்குனியில் நீங்கள் போனதிலிருந்து சொல்ல வேண்டிய சேதிகள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. முக்கியமானதை முதலில் சொல்கிறேன். உங்கள் சின்ன மகன், என் மகளுக்குக் கொழுந்தன், செந்திலின் கல்யாண வீடியோ ஒருவழியாக முடிந்துவிட்டது. அது முடிந்த விதத்தைத்தான் நீங்கள் கேட்க வேண்டும்.

தை மாதம் அரியலூர் மண்டபத்தில் நடந்த ரிசப்ஷனுக்கு டீஜே வேண்டாம் என்று சொன்னவள் நான்; யாரும் கேட்கவில்லை. காது கிழியப் பாட்டு வைப்பதும் கும்பலாக ஆடுவதும் எனக்கு ஆகாது. திருச்சி கான்வென்ட் ஹாஸ்டலில் மாடிப்படி இறங்கும்போதுகூடச் சத்தம் வரக்கூடாது என்று வளர்க்கப்பட்டவள். அன்றும் முன்வரிசையில் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன். நீங்களோ, மாப்பிள்ளையின் அம்மா, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பிள்ளைகளுக்கு நடுவே இறங்கிவிட்டீர்கள்.

"கான்வென்ட்டம்மா, வாங்க! முதுவு வளைஞ்சா ஒடிஞ்சா போயிடும்?"

உங்களுக்குத் தெரிந்தது ஒரே ஓர் ஆட்டம். விக்கிரமங்கலத்தில் நிற்காமல் போகப் பார்க்கும் பஸ்ஸை மறிப்பது போல, கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக்கொண்டே நாலு எட்டு முன்னால் ஓடுவது. பிறகு பஸ் போய்விட்டது போல இடுப்பில் கை வைத்துத் திரும்புவது. கொஞ்ச நேரத்தில் பெண் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் உங்கள் பின்னால் வரிசை கட்டி பஸ்ஸை மறித்தார்கள். பூலாம்பாடியிலிருந்து வந்த அந்தப் பிள்ளைகளுக்கு உங்கள் பெயர்கூடத் தெரியாது.

அப்போதுதான் செந்தில் வந்தான். பெண் வீட்டுப் பெரியவர் யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார், புருஷன் இல்லாதவள் இப்படி ஆடலாமா என்கிற மாதிரி. முகம் சிவந்துபோய் உங்கள் கையைப் பிடித்து இழுத்துவந்து என் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தான். "போதும்மா, மானத்த வாங்காத" என்றான். முன்வரிசை முழுக்கக் கேட்டது.

அந்த வார்த்தை அவனை இத்தனை மாதமாக அரித்துக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருந்ததா?

போன மாதம் வீடியோ ஸ்டுடியோவிலிருந்து எனக்குப் போன் வந்தது. அந்த ஸ்டுடியோவைப் பேசி முடித்துக்கொடுத்தவள் நான் என்பதால் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பேசியது மலர்க்கொடி. அவள் கணவர் கேமரா பிடிப்பார், இவள் கம்ப்யூட்டரில் எடிட்டிங் செய்வாள்.

"அம்மா, தம்பி ஒரு மாதிரி சொல்றாருங்க. டான்ஸ்ல அவங்கம்மா வர்ற எடத்தையெல்லாம் எடுத்துடச் சொல்றாரு. அத எடுத்துட்டா டான்ஸுன்னு அங்க ஒண்ணும் மிஞ்சாதும்மா."

உடனே செந்திலைக் கூப்பிட்டேன். சொன்னான்: "நான் இழுத்துட்டு வந்தேன்ல அத்தை. அதோட அம்மா ஆட்டம் முடிஞ்சுபோச்சு. ஆயுசுக்கும் முடிஞ்சுபோச்சு. அத எப்புடி நான் பாக்குறது?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நீங்கள் திரும்பிப் போய் ஆடியது அவனுக்குத் தெரியவே தெரியாது!

"தம்பி, அம்மா அதோட நிறுத்தலப்பா. நீ வெளிய போனதும் மறுபடி போயி ஆடினாங்க."

"எனக்கு ஆறுதலுக்குச் சொல்றீங்க அத்தை."

நான் பொய் சொல்கிறவள் இல்லை என்று பெரம்பலூரில் எங்கள் தெருவுக்கே தெரியும். சம்பந்தி வீட்டுப் பிள்ளை நம்பவில்லை. மறுநாள் காலையில் அரியலூருக்குப் பஸ் ஏறினேன்.

மலர்க்கொடியின் அறை பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது. ஏ.சி. குளிர், இரண்டு பெரிய திரைகள். என்னைப் பார்த்ததும் பெருமையோடு ஒன்றைப் போட்டுக் காட்டினாள். அதில் நீங்கள் கறுப்பு வெள்ளையில், ஸ்லோ மோஷனில், கையை நீருக்குள் ஆட்டுவது போல ஆட்டுகிறீர்கள். பின்னால் புல்லாங்குழல் அழுகிறது. ஓரத்தில் ஒரு விளக்கு வேறு எரிகிறது.

"இது யார்?" என்று கேட்டேன்.

"என்னம்மா, ஒங்க சம்பந்திதான். தவறிட்டவங்களுக்கு இப்புடித்தாம்மா எல்லாரும் கேக்குறாங்க."

"அவங்க ஒரு நாளும் மெதுவா நடந்ததில்ல. அவசரமா சோறு போட்டு, அவசரமா பேசி, அவசரமா போயும் சேந்துட்டாங்க. இத அழிச்சிடு."

"அழிக்கிறேன். நீங்க மொதல்ல ஒக்காருங்க, காப்பி வரட்டும்" என்றாள். பயப்படுகிற பெண் இல்லை. உங்களுக்குப் பிடித்திருக்கும்.

இரண்டு கேமரா ஓடியதாம். ஒன்று மாப்பிள்ளை போகும் இடமெல்லாம் போகும். விருந்தாளியை வரவேற்கச் செந்தில் வாசலுக்குப் போனபோது அதுவும் பின்னாலேயே போய்விட்டது. இன்னொன்று முன்வரிசையை ஒட்டி, ஆட்டம் நடக்கும் இடத்திலேயே நின்றது. "மாப்பிள்ளையும் பொண்ணும் இல்லாத எடத்த நாங்க ஓட்டிவுட்டுட்டுப் போயிடுவோம்மா, அதான் பாக்கல" என்றாள். அந்த இரண்டாவது கேமராவைத் தேடி எடுத்தாள்.

கேமராவில் பதிந்த சத்தத்தை எடுத்துவிட்டு, அதே பாட்டைத் தெளிவாக மேலே போடுவதுதான் அவர்கள் வழக்கமாம். அந்தப் பழைய சத்தம் வேண்டும் என்று கேட்டேன். என் கொண்டை கலையாமல் ஹெட்போனை மாட்டிவிட்டாள். கூச்சலுக்கு நடுவே உங்கள் குரல் வந்தது.

"இவங்கப்பாரும் இப்புடித்தான். ரெண்டு நிமிசம் மொறைப்பாரு, அப்பறம் மறந்துடுவாரு. பய வெளிய போவட்டும்." பிறகு, "செருப்பு வழுக்குது. இந்தாங்க, புடிங்க. அவங்கிட்ட சொல்லிப்புடாதீங்க."

மலர்க்கொடி திரையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "ஓட்டு" என்றேன்.

பாட்டு முடியும் வரை ஆடியிருக்கிறீர்கள். முன்னைவிட வேகமாக, வெறுங்காலோடு. செந்தில் வாசலிலிருந்து திரும்பி வரும்போது நாற்காலியில் உட்கார்ந்து, ஒன்றும் அறியாதவர் போல முந்தானையால் விசிறிக்கொண்டிருக்கிறீர்கள். பக்கத்தில் நான், பட்டுப்புடவை மடியில் உங்கள் செருப்போடு, தேசிய கீதத்துக்கு நிற்பவள் போன்ற முகத்தோடு.

எடிட்டிங்கில் எங்களுக்குச் சண்டை வந்தது. உங்கள் கை தாளத்துக்கு உயரவில்லை என்றாள். அங்கங்கே கொஞ்சம் வெட்டினால் சரியாகிவிடும் என்றாள். தாளம் தப்புவது எனக்கும் பிடிக்காதுதான், உங்களுக்குத் தெரியாததா? ஆனாலும் வெட்டக் கூடாது என்றேன். "பஸ் நிக்கிற வரைக்கும் அந்தக் கை எறங்காது. நடுவுல வெட்டினா பஸ் போயிடும்." சிரித்துக்கொண்டே சரி என்றாள். பதிலுக்கு, சுற்றிக் கைதட்டுபவர்களின் முகங்களை அவள் தாளத்துக்கு வெட்டி ஒட்டிக்கொள்ள விட்டேன். உங்களை இழுத்துவரும் இடத்தை மட்டும் நானே எடுத்துவிடச் சொன்னேன். பிள்ளை அதைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை செந்திலையும் அவன் பெண்டாட்டி காவ்யாவையும் மலர்க்கொடியின் அறைக்கு வரவழைத்தேன். அவன் கதவோரமாகவே நின்றான். கையைத் தூக்கிக்கொண்டு நீங்கள் வெறுங்காலோடு ஓடிவந்ததும் ஓர் அடி முன்னால் வந்தான்.

"இது எப்ப?"

"நீ வாசல்ல நின்னப்ப."

"அத்தை, ஒங்க மடியில என்னது அது?"

"உங்கம்மா செருப்பு."

சிரித்தான். சம்பந்தியம்மா, பங்குனிக்குப் பிறகு அவன் சிரித்து நான் பார்க்கவில்லை. நாற்காலியில் நீங்கள் விசிறிக்கொண்டிருக்கும் இடம் வந்ததும், "பாரேன், எவ்ளோ நல்ல புள்ள மாதிரி ஒக்காந்திருக்கு" என்று காவ்யாவிடம் காட்டினான். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அவள் அவன் முதுகைத் தடவிக்கொண்டு, "எங்க வூட்டுப் புள்ளைங்க இன்னமும் அந்த பஸ் டான்ஸ்தான் ஆடுதுங்க" என்றாள்.

இன்னொரு முறை போடச் சொன்னான். பார்த்து முடித்துவிட்டு மலர்க்கொடியிடம் கேட்டான். "அக்கா, நான் இழுத்துட்டு வர்றது எங்க?"

"எடுத்துட்டோம் தம்பி. நீங்கதான் எல்லாத்தையும் எடுக்கச் சொன்னீங்க."

"அதையும் வைங்க. அது இல்லாட்டி அம்மா திரும்பிப் போனது யாருக்குத் தெரியும்?"

எனக்குத் தோன்றாதது உங்கள் பிள்ளைக்குத் தோன்றியது. வைத்துவிட்டோம். கையைப் பிடித்து இழுக்கிறான், உட்காரவைக்கிறான், போகிறான். அடுத்த நொடி நீங்கள் எழுந்திருக்கிறீர்கள். நடுவில் ஸ்லோ மோஷன் கிடையாது, புல்லாங்குழல் கிடையாது.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அன்று என்னைக் கூப்பிட்டது வேடிக்கைக்கா, நிஜமாகவா? நான் வருவேன் என்று உங்களுக்கு ஒரு துளியாவது நம்பிக்கை இருந்ததா?

ஆவணியில் என் தங்கை மகனுக்குத் திருமானூரில் கல்யாணம். டீஜே உண்டாம். இந்த முறை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. மலர்க்கொடிதான் எடிட்டிங். முன்வரிசையில்தான் உட்காருவேன். ஆனால் அந்தப் பாட்டு வந்ததும் என் செருப்பை யார் மடியிலாவது வைத்துவிட்டு எழுந்திருப்பேன். இது என் வாக்கு. ஒரே வித்தியாசம், என் கை தாளத்தோடுதான் உயரும். அதில் உங்கள் பேச்சைக் கேட்க மாட்டேன்.

உங்கள் செருப்பைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சம்பந்தி,
லலிதா