என் பெயர் ஒட்டிய பாட்டில்

19.8.91, திங்கள்

காலையிலிருந்து தூறல். படப்பையில் பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம். லேப் டெக்னீஷியன் படிப்பு என்று பெயர், பாதி நாள் பஸ்ஸில்தான்.

நாளைக்கு: வெள்ளைக் கோட்டு துவைக்க. சிவப்பணு படம். காலை முதல் மூத்திரம், கழுவிய பாட்டிலில், அவரவர் பெயர் ஒட்டி. சர்க்கரை, புரதம் பார்க்கப் பழக வேண்டுமாம்.

சனியன், நேற்றுதான் தூரம் ஆனேன். ரத்தம் கலந்தால் சோதனை கெட்டுவிடும். சாரிடம் இதை எப்படிச் சொல்வது? அம்மாவிடம் பாட்டிலை நீட்டினேன். "இன்னாடி கூத்து இது? இதையெல்லாமா காலேஜுக்கு எடுத்துக்கினு போவாங்க?" சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமலே வந்துவிட்டது.

20.8.91, செவ்வாய்

காலையில் அம்மா நிரப்பிக் கொடுத்த பாட்டிலில் என் பெயரை ஒட்டினேன்.

சர்க்கரை இல்லை. புரதம் இல்லை. மிச்ச நேரத்தில் சார் கர்ப்பம் பார்க்கும் மருந்தை எடுத்தார். வெள்ளையாக, பால் மாதிரி. மூத்திரத்தோடு சேர்ந்து திரிந்தால் கர்ப்பம் இல்லை. அப்படியே நின்றால் கர்ப்பம். "இல்லன்னா எப்படித் திரியும்னு காட்டறேன், பாருங்க" என்று கைக்கு வந்த பாட்டிலை எடுத்தார். என்னுடையது.

திரியவில்லை.

"மருந்து பழசு போல" என்று புதுசு உடைத்தார். அதுவும் திரியவில்லை.

சார் என் கழுத்தைப் பார்த்தார். தாலி இருக்கிறதா என்றுதான். பிறகு மெதுவாக, "நாளைக்கு அம்மாவக் கூட்டிட்டு வாம்மா."

அம்மாவுடையது சார் என்று ஒரு வார்த்தை. வாய் வரவில்லை. பக்கத்தில் ஸ்டெல்லா, எங்கள் தெருப் பெண். சொன்னால் பொழுது சாய்வதற்குள் எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரி முழுக்கச் சிரிக்கும். நாற்பத்திரண்டு வயது அம்மாவை! பஸ்ஸில் ஸ்டெல்லா வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அரிசி புடைத்த முறத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "மூணு மாசமா இல்லடி. வயசாயிடுச்சு, நின்னுபோச்சுன்னு இருந்தேன்." பிறகு, "யார்கிட்டயும் சொல்லிடாத. வெளிய தல காட்ட முடியாது."

எனக்கு வருவது கோபமா பயமா, தெரியவில்லை. தம்பியா தங்கையா? இந்த வயதில் எனக்கா? சே.

21.8.91, புதன்

வெயில். அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். சாரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வாள் என்று நினைத்தேன். நேராக லேபுக்குள் போனாள். எல்லாரும் இருக்கிறார்கள். ஸ்டெல்லாவும்.

"சார், அந்த பாட்டிலு என்னுது. முழுகாம இருக்கறது நானு. எம் பொண்ணப் பத்தி யார்னா வாயத் தொறந்தீங்க, அவ்ளோதான்."

சார் எழுந்தேவிட்டார். அவரே நாற்காலி எடுத்துப் போட்டார். யாரிடமும் சொல்லாதே என்றவள் இவள்தானா?

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் அழுகை. படப்பை தாண்டியதும் காதோரமாக, "உங்கப்பாகிட்ட நீயே சொல்லிடுடி. எனக்கு வெக்கமா கீது."

நானா! அப்பாவிடமா!

மறைமலை நகரிலிருந்து அப்பா முதல் ஷிப்ட் முடிந்து வந்தாச்சு. வாசலில் சைக்கிள் சத்தம். அம்மா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.