ஒருபக்கச் சாய்மானம்

துர்காவுக்கு,

பைக் உன் பெயரில் இருக்கிறது. அதை எடுத்துச் சென்றதை நான் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் பின்சீட்டுச் சாய்மானமும் பக்கப் பெட்டியும் என் கையால் செய்தவை. அவற்றைக் கழற்றித் திருப்பி அனுப்பவும்.

என்னால் உனக்கு ஒரு சௌகரியமும் கிடைக்கவில்லை என்று விவாகரத்து மனுவில் எழுதியிருக்கிறாய். புடவையில் ஒருபக்கமாக அமர்பவளுக்கு ஏற்றபடி அளவெடுத்து, பஞ்சு வைத்து அந்தச் சாய்மானத்தைச் செய்தேன். நீ சுடிதாரில் இருபக்கமும் கால்போட்டு அமர்ந்ததால்தான் அது இடுப்பில் குத்தியது. "இது சீட்டா, சாட்சிக் கூண்டா? கழட்டிப் போடுங்க" என்றாய். ஒழுங்காக அமர்ந்தால் குத்தாது என்று அன்றே விளக்கினேன்.

நேற்று சாரம் கடைத்தெருவில் நீயே வண்டி ஓட்டிப் போனதைக் கண்டேன். பின்னால் என் சாய்மானத்தில் ஓர் அரிசி மூட்டை சாய்ந்திருந்தது. அது ஒழுங்காகத்தான் அமர்ந்திருந்தது.

சட்டப்படி இன்றுவரை
உன் கணவன்