படை போய்விட்டதா என்று கேட்டிருந்தாய்

காஜா பெராங்,
மலாக்கா,
9.6.1957

அன்புள்ள கோகிலாவுக்கு,

நீயும் பையனும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மன் துணை நிற்கட்டும். ஈப்போவில் மாமாவுக்கும் அத்தைக்கும் என் வணக்கத்தைச் சொல். இங்கே நான் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குப் படுக்கிறேன்.

உன் கடிதம் வந்தது. நாலே வரி. அதில் ஒரு வரி, படை போய்விட்டதா என்று. போய்க்கொண்டிருக்கிறது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

புங்கா ராயா சாலையில் துணிக்கடைக்கு மேல்மாடியில் ஒரு மின்சார வைத்தியர் வந்திருக்கிறார். பம்பாயில் படித்தவராம். ஓசோன் என்று ஒரு காற்றை வைத்து வைத்தியம் பார்க்கிறார். மரப்பெட்டியில் மின்சாரத்தை விட்டால் கண்ணாடிக் குழாயில் ஊதா வெளிச்சம் வருகிறது. அதில் உண்டாகும் காற்றை ஒரு ரப்பர் பைக்குள் விட்டு, என் கையை உள்ளே நுழைத்து, பையின் வாயை முழங்கைக்கு மேலே இறுக்கிக் கட்டிவிடுவார். பெரிய இடி விழுந்த பிறகு வெளியே ஒரு வாசனை வருமே, அதே வாசனை. முதலில் நன்றாக இருக்கும், போகப் போகத் தொண்டை கமறும். இருமினால், கிருமி சாகிறது என்பார். கிருமி சாகிறதா நான் சாகிறேனா என்று கேட்க வாய் வரை வந்தது.

விரல்களிலும் முழங்கையிலும் படையின் செதில் உதிர்வது குறைந்திருக்கிறது. உள்ளே தோல் இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. ஆனாலும் கண்டக்டராகப் பஸ்ஸில் ஏற இன்னும் விடவில்லை. என் கையிலிருந்து டிக்கெட் வாங்க ஆட்கள் கூசுகிறார்கள் என்று டிப்போவில் டயருக்குக் காற்றடிக்கப் போட்டார்களே, அங்கேயேதான் இருக்கிறேன். டயர் ஒன்றும் சொல்வதில்லை. எனக்கும் வருத்தமில்லை. இப்போதெல்லாம் எதற்குமே வருத்தம் வருவதில்லை, அதுதான் ஏனென்று தெரியவில்லை.

மாமாவுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனவளை மூன்றாம் மாதம் பிள்ளையோடு அழைத்து வருவது நம் வழக்கம். ஐந்தாம் மாதம் நடக்கிறது. நேரில் வந்து என்னைப் பார்த்துவிட்டு நாள் குறிப்பதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவர் மனதில் இது இன்னும் பெருவியாதிதான். வந்து பார்க்கட்டும்.

பையன் யார் சாயல் என்று எழுது.

உன் கணவன்,
ராஜரத்தினம்


காஜா பெராங்,
23.6.1957

அன்புள்ள கோகிலாவுக்கு,

அம்மன் அருளால் நல்ல செய்தி. கை இரண்டும் சுத்தமாகிவிட்டன. மாமா இன்னும் இரண்டு வாரத்தில் வருகிறார். பக்கத்து வீட்டு மீனாச்சி அக்கா, அதுதான் மலாய் மட்டுமே பேசும் அந்த மலாக்காச் செட்டி அம்மா, வந்து வீட்டைக் கூட்டித் துடைத்து, விட்டத்தில் தூளிக்குக் கயிறு போட்டுக் கொடுத்தார். தமிழ் வராவிட்டால் என்ன, முடிச்சு நன்றாக வருகிறது. பலங்கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்தேன், தாங்குகிறது.

நீங்கள் இருவரும் திரும்பி வந்தால் மொட்டை போடுவதாக அம்மனுக்கு நேர்ந்திருந்தேன். மாமா வருவது உறுதியான பிறகு எதற்குத் தள்ளிப்போட வேண்டும் என்று நேற்றே கோயிலில் முடி இறக்கிவிட்டேன். சுப்பையன் கத்தி மழுங்கிப்போயிருக்கிறது, அங்கங்கே கீறிவிட்டான். சந்தனம் பூசியிருக்கிறேன். இந்த மண்டையைப் பார்த்தால் நீ சிரிப்பாய்.

உன் கணவன்,
ராஜரத்தினம்


காஜா பெராங்,
8.9.1957

அன்புள்ள கோகிலாவுக்கு,

உன்னையும் பையனையும் அம்மன் காப்பாற்றட்டும். எழுதி இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. உன்னிடமிருந்தும் பதில் இல்லை. போன வாரம் நாடு சுதந்திரம் வாங்கியது. டிப்போவில் பஸ்களுக்கெல்லாம் கொடி கட்டினேன். எல்லோரும் கத்தினார்கள், நானும் கத்தினேன்.

மாமா வந்துபோன கதையை அவர் சொல்லியிருப்பார். என் பக்கத்தையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். மொட்டை போட்ட பத்தாம் நாள், கத்தி கீறிய இடத்திலெல்லாம் படை கிளம்பியது. மாமா வந்த அன்றைக்குத் தலை முழுக்க வெள்ளைச் செதில். துண்டைக் கட்டிக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன். கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். பார்த்து முடித்துவிட்டுத் துண்டை அவிழ்க்கச் சொன்னார். அவிழ்த்தேன். கொஞ்ச நேரம் தூளிக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். “சொகமானதும் ஒரு கடுதாசி போடுங்க மாப்பிள்ளை. நானே கொண்டாந்து விடுறேன்” என்றார். நான் போட்டுக் கொடுத்த தேநீரைத் தொடவில்லை. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. பெண்ணைப் பெற்றவர்.

மின்சார வைத்தியரிடம் ஓடினேன். தலைக்கும் ஓசோன் பிடிக்கலாம், பெரிய பை ஒன்று வரவழைக்கிறேன் என்றார். தலையைப் பைக்குள் விட்டால் மூச்சை எங்கே விடுவது? அதோடு அந்தப் படியில் ஏறுவதை நிறுத்திவிட்டேன்.

பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். சுங்கை பூலோவில் பெருவியாதிக்காரர்களை அடைத்து வைக்கும் இடத்துக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் இத்தனை நாள் அந்தப் பக்கமே போகாதவன் நான். டாக்டர் படையின்மேல் ஊசியால் குத்தி, வலிக்கிறதா என்று கேட்டார். நன்றாக வலித்தது. வலித்தால் பெருவியாதி இல்லை என்றார். சோதனையெல்லாம் முடித்து, இதற்குப் பெயர் சொரியாசிஸ், யாருக்கும் ஒட்டாது, பெண்டாட்டி பிள்ளையோடு தாராளமாக இருக்கலாம் என்றார். அந்த வார்த்தையைக் கேட்டு நான் அழுதிருக்க வேண்டும், அழுகை வரவில்லை. அடுத்த ஆளுக்கு இடம்விட்டு எழுந்து வந்தேன்.

ஆனால் ஒட்டாது என்றவர், அடியோடு போகாது என்றும் சொன்னார். வரும், அடங்கும், மறுபடி வரும். கை அடங்கியது ஓசோனால்தான் என்று சொல்ல முடியாதாம், தானாகவே அடங்குவதும் உண்டாம். தோலில் கத்தி பட்டால் அந்த இடத்தில் கிளம்புவது இதன் குணமாம். தார் கலந்த களிம்பு கொடுத்திருக்கிறார், காலை வெயிலில் உட்காரச் சொல்லியிருக்கிறார். உட்காருகிறேன்.

ஆகவே மாமா கேட்ட கடிதத்தை என்னால் எழுத முடியாது. போய்விட்டது என்று ஒருமுறை எழுதிப் பட்டது போதும். வா என்று உன்னைக் கட்டாயப்படுத்தவும் இல்லை. வீட்டுக் கதவு திறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மாமாவிடம் சொல்லாத ஒன்றை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். இது ரத்தத்தில் வருவதும் உண்டு என்றார் டாக்டர். என் அப்பா வீட்டுக்குள்கூடத் தலையில் துண்டோடுதான் இருப்பார். ஏனென்று நாங்கள் கேட்டதில்லை. இப்போது தெரிகிறது. நம் பையனுக்கு வரலாம், வராமலும் போகலாம். வரக் கூடாது என்றுதான் தினமும் கும்பிடுகிறேன். என்றைக்காவது அவன் தலையிலோ முழங்கையிலோ வெள்ளையாக உதிர்ந்தால், கோகிலா, பயப்படாதே. யார் என்ன சொன்னாலும் அவனைத் தள்ளி வைக்காதே. பக்கத்தில் படுக்கவைத்துக்கொள். தொட்டுத் தூக்கு.

உன் கணவன்,
ராஜரத்தினம்