நீங்கள் மாற்றிச் சொன்ன வசனம்

அக்கா,

போன கிழமை பேத்தி தன் கணினியில் பழைய இங்கிலீசுப் படம் ஒன்றைப் போட்டாள். ஒரே அச்சில் வார்த்த இரண்டு வீடுகள், நடுவே வெள்ளை வேலி, கையுறை போட்ட ஒரு பெண். காங்கேசன்துறைக் குவாட்டர்ஸில் நாங்கள் அடுத்தடுத்த வீட்டில் இருந்த காலத்தில், நீங்கள் பக்கத்திலிருந்து கதை சொல்லிக் காட்டிய அதே படம். இம்முறை கீழே தமிழில் எழுத்து ஓடியது. வாசித்துக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில் மட்டும், நீங்கள் சொன்னது அதில் இல்லை.

உங்களுக்கு நான் மடல் எழுதுவேன் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் நல்லாய் ஏசியிருப்பேன். மாசியில் நீங்கள் கண்ணை மூடிய செய்தி வந்தபோதுகூட, "சரி" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனவள் நான்.

உங்கள் மனிசன் கப்பலில் போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். கொழும்பில் வளர்ந்த உங்களுக்கு இங்கிலீசு தண்ணீர் பட்ட பாடு. என் மனிசனுக்கும் கந்தோர் வேலையில் அதுதான் பாஷை. முதலில் இவர் பேப்பர் இரவல் வாங்க உங்கள் வாசல் படலைக்கு வந்தார். பிறகு ரேடியோ திருத்த வந்தார். பிறகு பேப்பரைத் திருப்பிக் கொடுக்கவே மடிப்புக் கலையாமல் மினுக்கிய சேட் தேவைப்பட்டது. நான் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நிற்க, வேலிக்கு மேலால் இருவரும் இங்கிலீசில் கதைப்பீர்கள். என் முன்னாலேயே. ஒரு சொல் விளங்காது. இவர் சிரிக்கிற சிரிப்பு மட்டும் விளங்கும். கலியாணம் கட்டின புதிதில் அந்தச் சிரிப்பை நான் கேட்டிருக்கிறேன்.

அந்த வருடம் கந்தசட்டிக்கு மிளகும் தண்ணீருமாகக் கிடந்தேன். ஒன்றும் அசையவில்லை. படம் காட்டிய அன்று காலை என்னுடையதும் பிள்ளைகளுடையதும் உடுப்புகளைப் பெட்டியில் அடுக்கிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். விடிந்தால் மருதனார்மடத்தில் அம்மா வீடு. திரும்பி வருவதில்லை என்று முடிவு.

குவாட்டர்ஸ் கிளப் முற்றத்தில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். ஆண்கள் முன்னால், நாங்கள் பின்னால். இவர் உங்களுக்கு நேர் முன்னே, கை நீட்டினால் தொடலாம். வழக்கம்போல எங்கள் வரிசைக்கு நீங்கள்தான் கதை சொன்னீர்கள். பக்கத்து வீட்டுக்காரனும் அந்தப் பெண்ணும் என்று தொடங்கும்போதே நான் இவர் முதுகைப் பார்த்தேன். உங்கள் குரல் தேய்ந்துகொண்டு போனது. இவர் தலை அசையவே இல்லை.

கடைசியில் அவன், எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போய்விடுவோம், வருகிறாயா என்று கேட்டான். அவள் ஏதோ சொன்னாள். என்னவாம் என்று ஒருத்தி உங்களை இடித்தாள். அதன் பிறகு சொன்னீர்கள், குசுகுசுவென்று இல்லை, நன்றாகக் கேட்கும்படி:

"நான் வரேல்லை. நீர் உம்மடை மனிசி பிள்ளையளிட்டைப் போம். இனி என்ரை படலைக்கு வராதையும்."

வெள்ளைக்காரி வீட்டிலும் படலையோ என்று ஒருத்தி கேட்க, எல்லோரும் சிரித்தோம். அடுத்த காட்சியில் அவள் அவனோடு காரில் ஏறினாள். தாய் வீட்டில் கொண்டுபோய் விடப் போகிறான் என்று சமாளித்தீர்கள். அதையும் நம்பினோம். இவர் மட்டும் எழும்பி வெளியே போனார்.

விடிய இவர் கண் சிவந்து, சின்னவனைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நின்றார். இனி உங்கள் வீட்டுப் பக்கம் போகமாட்டேன் என்றார், நான் கேட்காமலே. பார்ப்போம் என்று பெட்டியைப் பிரித்தேன். கொஞ்ச நாளில் நீங்கள் கொழும்புக்கே போய்விட்டீர்கள். முருகன் கண் திறந்தான், என் விரதம் வென்றது என்றுதான் இவ்வளவு காலமும் இருந்தேன். உங்களைத் திட்டாத நாளில்லை.

படத்தில் அவள் சொன்னது என்ன தெரியுமா? "வருகிறேன். எங்கே என்று சொல்லுங்கள்."

முன்வரிசையில் இங்கிலீசு தெரிந்தவர்கள் வேறும் இருந்தார்கள்தான். பெண்கள் பக்கத்துக் கதைக்கு அவர்களில் யார் காது கொடுத்தார்கள்? இரண்டையும் கேட்டு, பிழையைப் பிடித்திருக்கக்கூடியவர் இவர் ஒருவர்தான். கதைத்ததையெல்லாம் இங்கிலீசில் கதைத்தீர்கள். முடித்ததை மட்டும் நானும் கேட்கத் தமிழில் முடித்தீர்கள்.

பேத்தி படம் போட்ட மறுநாள் காலை இவரிடம் கேட்டேன். எண்பது தாண்டிவிட்டது, பொய் சொல்லவும் தென்பு இல்லை. தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

"அது எனக்குச் சொன்னது. அவ வாறன் எண்டிருந்தா நான் போயிருப்பன்."

பற்றிக்கொண்டு வந்தது கோபம். உங்கள் மேல் இல்லை அக்கா, உங்கள் மேல் வைக்க இனி ஒன்றும் மிச்சமில்லை. நன்றி என்று எழுதவும் கை கூசுகிறது. நான் வென்றதாக நினைத்து நடத்திய குடும்பம், பிள்ளைகளின் கலியாணங்கள், இந்தப் பேத்தி, எல்லாம் நீங்கள் வேண்டாம் என்று விட்டதால் எனக்குக் கிடைத்தவை. அன்று உங்கள் குரல் தேய்ந்ததை நினைத்தால், வேண்டாமலா விட்டீர்கள் என்றும் இருக்கிறது. இதைச் சொல்லி அழ எனக்கு ஓராள் வேண்டும். யோசித்துப் பார்த்தேன். உங்களைத் தவிர ஒருவரும் இல்லை.